ஈசானி மூலையில் கறிவேப்பிலை

ஆயுத பூஜையன்று எங்கள் ஆய்வுக்கூடத்தில் எல்லா இயந்திரங்களுக்கும் பொட்டு வைப்பது வழக்கம். எங்கள் பேராசிரியர் பீளமேட்டில் லேத்துப் பட்டறை வைத்திருந்த குடும்பத்துக்காரர். அவருக்கு இயந்திரம் என்றால் இயந்திரம்தான். அது போல்ட் கடைந்தாலும் ஒன்றுதான், புரதத்தின் ஒளியை அளந்தாலும் ஒன்றுதான். வருடத்துக்கு ஒருநாள் அதைத் துடைத்து, ஓய்வு கொடுத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைக்காவிட்டால் அது கோபித்துக்கொள்ளும் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. நல்ல நல்ல கட்டுரைகள் எழுதிய மனிதர். ஆனால் ஓர் இயந்திரம் திடீரென்று நின்றுபோனால் அவர் முதலில் பார்ப்பது ஃபியூஸ் போயிருக்கிறதா என்று அல்ல, பொட்டு அழிந்திருக்கிறதா என்றுதான்.

அந்த வருடம் தராசு, ஃப்ரிட்ஜ், மைக்ரோவேவ், கை கழுவும் குழாய் என்று ஒன்றையும் விடவில்லை. தட்டில் இன்னும் குங்குமம் மிச்சமிருந்தது. சுற்றிமுற்றிப் பார்த்தார். ஒளி அளக்கும் இயந்திரத்தின் பொத்தானை அழுத்தி, அதன் இழுப்பறையை வெளியே வரவழைத்தார். உள்ளே ஒரு கண்ணாடித் தாங்கி இருக்கும். அதன்மேல்தான் நாங்கள் மாதிரிகளை வைப்போம். கைப்பேசியில் திசைகாட்டியைத் திறந்து, வடகிழக்கு எது என்று பார்த்து, தாங்கியின் ஈசானி மூலையில் மோதிர விரலால் சின்னதாக ஒரு பொட்டு வைத்தார்.

"உள்ளுக்குள்ளயும் சாமி இருக்கோணுமில்லீங்க," என்றார்.

நான் பொரி தின்றுகொண்டிருந்தேன். அவர் சொன்னது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

என் வேலை என்ன என்று இங்கே சொல்லிவிட வேண்டும். காசநோய்க் கிருமி உயிரோடு இருக்க, தன் மரபணுவில் எழுதியிருப்பதைப் படித்துப் பிரதி எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கென்று அதனிடம் ஒரு பெரிய புரதம் இருக்கிறது. அதன் நடுவே ஒரு குடைவு. எடுத்த பிரதி இழைபோல அந்த வழியாகத்தான் வெளியே வரும். ரிஃபாம்பிசின் என்ற சிவப்பு மருந்து அந்த வழியோரத்தில் உள்ள பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அடிக்காது, உடைக்காது, சும்மா உட்காரும். கல்யாண வீட்டில் பந்திக்குப் போகிற வழியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்ளும் மாமாவைப் போல. இழை இரண்டு மூன்று கண்ணி நீள்வதற்குள் மருந்தின்மேல் முட்டி நின்றுவிடும். கிருமி தன் வேலையைச் செய்யமுடியாமல் செத்துப்போகும்.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. கோடிக்கணக்கான கிருமிகளில் ஏதோ ஒன்றுக்கு அந்தப் பள்ளத்தின் சுவரில் ஒரே ஓர் இடம் மாறியிருந்தால் போதும், மருந்தால் உட்கார முடியாது. மாத்திரையை ஒழுங்காகக் கடைசிவரை விழுங்கினால், அதில் கூடவே இருக்கும் மற்ற மருந்துகள் அந்தக் கிருமியையும் தீர்த்துவிடும். விட்டு விட்டு விழுங்கினால், பாதியில் நிறுத்தினால், அது பிழைத்துப் பெருகும். அப்புறம் அதே மாத்திரையைக் கூடை கூடையாகத் தின்றாலும் வேலைக்காகாது. அந்தப் பள்ளத்தை நான் கணினியில் சுற்றிச் சுற்றிப் பார்த்துப் பழகியவள். எங்கள் வீட்டுச் சமையலறையில் எந்த டப்பா எங்கே இருக்கிறதென்று கேட்டால் தடுமாறுவேன், அந்தப் பள்ளத்தில் எந்த அணு எங்கே என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

ரிஃபாம்பிசின் போல வேறு ஏதாவது அந்தப் புரதத்தில் ஒட்டுமா என்று தேடுவதுதான் என் ஆராய்ச்சி. புரதத்துக்கு இயல்பாகவே ஒரு மெல்லிய ஒளிர்வு உண்டு. அதில் ஏதாவது வந்து ஒட்டினால் ஒளி மங்கும். சின்னச் சின்னக் குழிகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டில் புரதத்தை ஊற்றி, ஒவ்வொரு குழியிலும் ஒவ்வொரு செடியின் சாற்றைச் சேர்த்து, இயந்திரத்துக்குள் அனுப்புவேன். அது கீழேயிருந்து ஒவ்வொரு குழியின் ஒளியையும் அளந்து சொல்லும். வேம்பு, துளசி, ஆடாதோடை எல்லாம் வைத்திருந்தேன். காரமடையில் எங்கள் தோட்டத்தில் விளைவது கறிவேப்பிலை என்பதால் அதிலும் ஒரு கொத்து பறித்துக்கொண்டு வந்திருந்தேன். ஓசியில் கிடைத்தது என்பதைத் தவிர அதைத் தேர்ந்தெடுத்ததற்கு அறிவியல் காரணம் எதுவும் இல்லை.

பூஜை முடிந்து இயந்திரத்தை ஓட்டினோம். வேம்பு ஒட்டவில்லை, துளசி ஒட்டவில்லை. கறிவேப்பிலை ஒட்டியது. லேசாக அல்ல, ஒளி பாதிக்குமேல் மங்கிவிட்டது. நான் நம்பாமல் புதுத் தட்டில் மறுபடி செய்தேன். மறுபடியும் ஒட்டியது. வேறு சாறு எடுத்துச் செய்தேன். அதுவும் ஒட்டியது. பேராசிரியர் என் பின்னால் நின்று கையைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"ஏனுங்க அம்மணி, அந்தக் குழிய மட்டும் மாத்திராதீங்க. ஈசானி மூலைல வெச்சது வீணாப் போகாதுங்க. ராசியான எடம்."

நானும் மாற்றவில்லை. எப்போது செய்தாலும் கறிவேப்பிலைக்கு அதே மூலைதான். எனக்கு ராசியில் நம்பிக்கை இருந்தது என்று சொல்ல முடியாது. பேராசிரியரை எதிர்த்துப் பேசி ஒரு வாரம் அவர் முகத்தைப் பார்க்கும் துணிவு இல்லை, அவ்வளவுதான்.

அதே சமயத்தில் எங்கள் அப்பா காசநோய்க்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஊரில் யாருக்கும் தெரியாது. கல்யாணமாகாத பெண் இருக்கிற வீட்டில் இப்படி ஒரு நோய் என்று தெரிந்தால் சொந்தபந்தம், ஒறம்பரைக்காரர்கள் எல்லாம் என்ன பேசுவார்களோ என்று அப்பாவும் அம்மாவும் பயந்தார்கள். காரமடை ஆஸ்பத்திரியில் எட்டிப் பார்த்தால் யாராவது மாமன் மச்சான் நிற்பார். அதனால் அப்பா சலவை வேட்டி கட்டிக்கொண்டு, தோட்டத்து மோட்டாருக்குச் சாமான் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கோயமுத்தூருக்கு பஸ் ஏறுவார். அங்கே என் ஹாஸ்டலுக்குப் பக்கத்தில் இருக்கும் அரசு சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்புவார். எங்கள் மோட்டாரைப்போல ஓட்டை மோட்டார் உலகத்திலேயே இல்லை என்று ஊரில் ஒரு பெயர் உண்டாகிவிட்டது.

அம்மாவின் கணிப்பு வேறு. நோயை நான்தான் பஸ்ஸில் கொண்டுவந்தேன் என்பாள். எங்கள் ஆய்வுக்கூடத்தில் உயிருள்ள காசநோய்க் கிருமியே கிடையாது, அதன் ஒரே ஒரு புரதத்தை வேறொரு சாதுவான கிருமிக்குள் உண்டாக்கித்தான் வைத்திருக்கிறோம் என்று சொன்னேன்.

"அந்த ஒண்ணுக்குக் கையி காலு மொளைக்காதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் அம்மா. நான் வாசலில் கால் கழுவிவிட்டு, துப்பட்டாவை வெளியே கொடியில் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் போகலாம்.

ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். முதல்முறை அப்பா ரத்தம் என்று நினைத்து வெலவெலத்துப்போனார். அது மருந்தின் நிறம், நல்லதுதான் என்று எடுத்துச் சொன்னேன். அதிலிருந்து தினமும் காலையில் நான் தொலைபேசியில் கேட்பதும் அவர் சொல்வதும் வழக்கமாகிவிட்டது.

"சாப்டீங்களாப்பா?"

"ஆச்சு கண்ணு."

"என்ன கலருங்க?"

"மிரிண்டா கலரு கண்ணு."

ஹாஸ்டலில் என் அறைத்தோழி இதைக் கேட்டுவிட்டு, நாங்கள் சாயப்பட்டறை வைத்திருக்கிறோம் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தாள். எனக்கு அந்த ஒரு வார்த்தை போதும். அப்பாவின் நெஞ்சுக்குள் மாமா நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார் என்று நிம்மதியாக வேலைக்குப் போவேன்.

கறிவேப்பிலை ஒட்டிய சந்தோஷத்தில் பேராசிரியருக்கு இருப்புக் கொள்ளவில்லை. இலை யார் தோட்டத்தது என்று கேட்டு, அப்பாவின் எண்ணை வாங்கி, அவரே கூப்பிட்டுப் பேசிவிட்டார். அப்பாவுக்கு நோய் இருப்பது அவருக்குத் தெரியாது. நான் சொன்னதில்லை.

"உங்க தோட்டத்துக் கறிவேப்பிலை டிபி கிருமியப் புடிச்சு நிறுத்திப்போடுதுங்க! உங்க புள்ள கண்டுபுடிச்சிருக்குதுங்க!" என்று அவர் கத்தியது தாழ்வாரம் முழுக்கக் கேட்டது. அப்பா என்ன பதில் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அன்று நானும் கொஞ்சம் தலைகால் புரியாமல்தான் இருந்தேன்.

அந்த மயக்கத்தில் நாலைந்து நாள் அப்பாவைக் கூப்பிட மறந்து, அப்புறம்தான் வழக்கம்போலக் கேட்டேன்.

"என்ன கலருங்கப்பா?"

"வெள்ளையா, தண்ணியாட்டப் போகுது கண்ணு. ஒரு கொறையும் இல்ல," என்றார் பெருமையாக.

ஆரஞ்சு இல்லையென்றால் மாத்திரை உள்ளே போகவில்லை. காந்திபுரம் போய், கிடைத்த மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஏறி, காரமடையில் இறங்கி வீட்டுக்கு ஓடினேன். அன்று கால்கூடக் கழுவவில்லை. அப்பா ஒரு சொம்பு நிறையப் பச்சையாக எதையோ குடித்துக்கொண்டிருந்தார். பல்லெல்லாம் பச்சை. கறிவேப்பிலைச் சாறு, கறிவேப்பிலைத் துவையல், கறிவேப்பிலைப் பொடி என்று மூன்று வேளையும் அதுதான் என்றாள் அம்மா. "ஆடுகூட இத்தன தழை திங்காது."

"மாத்திரை எங்கீங்கப்பா?"

"அது எதுக்கு கண்ணு? என்ற புள்ள கண்டுபுடிச்ச மருந்து இருக்கறப்ப கவர்மெண்டு மாத்தர எதுக்கு?"

தட்டில் ஒட்டுவது வேறு, உடம்புக்குள் போய் ஒட்டுவது வேறு என்றேன். வயிற்றில் செரிக்க வேண்டும், ரத்தத்தில் கலக்க வேண்டும், நுரையீரலுக்குப் போக வேண்டும், கிருமியின் தடித்த தோலைத் தாண்ட வேண்டும், அதற்கெல்லாம் பல வருட ஆராய்ச்சி வேண்டும் என்றேன். அப்பா பொறுமையாகக் கேட்டார்.

"ஒட்டுதா, இல்லியா? அத மட்டும் சொல்லு."

"ஒட்டுதுங்க. ஆனா..."

"அப்பறம் என்ன? நீ கண்டுபுடிச்சத நீயே நம்பாட்டி, ஊருல எவன் கண்ணு நம்புவான்?"

நான் கத்தினேன், அழுதேன், மாத்திரையை எடுத்து வாயில் திணிக்கப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை. என் வாழ்க்கையில் என்னை அந்த அளவுக்கு யாரும் நம்பியதில்லை, அந்த நம்பிக்கையே அவரைக் கொன்றுவிடும் போலிருந்தது. போதாக்குறைக்குப் பொடியைப் பொட்டலம் கட்டிப் பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் கொடுத்திருந்தார். "எனக்கு என்னன்னு சொல்லல, என்ற புள்ள கண்டுபுடிச்சது, நெஞ்சுக்கு நல்லதுன்னு குடுத்தேன்," என்று அம்மாவிடம் சொன்னாராம்.

திரும்பும் பஸ்ஸில் ஒரு முடிவுக்கு வந்தேன். அப்பா என் வார்த்தையைக் கேட்கமாட்டார். என் கண்டுபிடிப்பைத்தான் கேட்பார். ஆகவே அந்தக் கண்டுபிடிப்பை ஒழித்துக்கட்ட வேண்டும். உலகத்தில் எந்த ஆராய்ச்சி மாணவியும் தன் முடிவு பொய்யாக வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டதுபோல வேண்டியிருக்கமாட்டாள்.

கொஞ்சம் தள்ளி நின்று யோசித்தபோதுதான் ராசியான மூலை ஞாபகம் வந்தது. பேராசிரியர் வருவதற்கு முன்பே போய், கறிவேப்பிலையை நேர் எதிர் மூலையில் வைத்தேன். ஈசானி மூலைக் குழியில் புரதத்தோடு வெறும் தண்ணீரைச் சேர்த்தேன். இயந்திரம் உறுமி, அளந்து, திரையில் எழுதியது. கறிவேப்பிலை ஒட்டவில்லை. தண்ணீர் ஒட்டியிருந்தது. சிறுவாணித் தண்ணீரைக் காய்ச்சி வடித்த வெறும் தண்ணீர், காசநோய்ப் புரதத்தோடு ரிஃபாம்பிசினைவிட உறுதியாக ஒட்டியிருந்தது.

தாங்கியை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். மூலையில் மிளகளவுக்குக் குங்குமம். கீழேயிருந்து வரும் ஒளி அதில் பட்டுத் தேய்ந்துதான் அந்த மூலையில் எது இருந்தாலும் மங்கியிருக்கிறது. எந்தத் தட்டை வைத்தாலும் அதே குழி பொட்டின்மேல்தான் போய் உட்காரும். வேம்பை வைத்திருந்தால் வேம்பு மருந்தாகியிருக்கும், மோரை வைத்திருந்தால் மோர். நான் ஆய்வுக்கூடத்தில் தனியாக நின்று ஓவென்று கூவினேன். கறிவேப்பிலை ஒட்டியபோதுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் வரவில்லை.

பேராசிரியர் வந்ததும் காட்டினேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவருக்கும் இது சின்ன அடி அல்ல, கருத்தரங்கில் பேச எல்லாம் ஏற்பாடு செய்து வைத்திருந்தார்.

"சரிங்க. அழிச்சுபோடலாம். ஆனா இன்னிக்கு வெள்ளிக்கெழமைங்களே அம்மணி. நாளைக்கு அழிக்கலாங்களா?"

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அப்பாவுக்கு நோய் இருப்பதை, மாத்திரையை நிறுத்தியதை, பச்சைப் பல்லை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மனிதர் முகம் செத்துப்போனது. எழுந்துபோய் ஈரப் பஞ்சை எடுத்துவந்தார். பொட்டை விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சுத்தமாகத் துடைத்தார்.

"நானே அப்பாவக் கூப்பிட்டுச் சொல்லிப்போடட்டுங்களா?"

"நீங்க ஒருதடவ கூப்பிட்டதே போதுங்க சார்," என்றேன்.

அன்றே ஊருக்குப் போனேன். திரையில் வந்ததைப் படமெடுத்து அப்பாவிடம் காட்டினேன். இது கறிவேப்பிலை, இது தண்ணீர், இது பொட்டு. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

"அப்ப ஒட்டலியா?"

"ஒட்டலீங்கப்பா."

"துளிகூட?"

"துளிகூட இல்லீங்க."

அவர் படத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். அவருடைய ஏமாற்றம் நோயைப் பற்றியது அல்ல என்பது எனக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "தண்ணி கொண்டா," என்று அம்மாவிடம் சொல்லி மாத்திரையை விழுங்கினார்.

மறுநாள் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். அங்கே இருந்த நர்ஸம்மா, "கறிவேப்பிலைய ரசத்துல போடுங்க ஐயா, மாத்திரைய வாயில போடுங்க," என்று ஒரு பிடி பிடித்துவிட்டு, சளியைப் பரிசோதனைக்கு அனுப்பினார். கிருமியில் அந்தப் பள்ளம் மாறிவிட்டதா, மருந்து இனியும் உட்காருமா என்று அதில் தெரிந்துவிடும். முடிவு வரும்வரை நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இத்தனை காலமும் படமாகப் பார்த்த பள்ளம் இப்போது என் அப்பாவுக்குள் இருந்தது. அதில் எந்த இடம் மாறினால் என்ன ஆகும் என்று எனக்கு வரிசையாகத் தெரியும். தெரியாமல் இருந்தால் நிம்மதியாகச் சாமி கும்பிட்டிருப்பேன். மாறவில்லை என்று சொன்னார்கள். நர்ஸம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுக்கொண்டே என் கையைத் தட்டிக் கொடுத்தார்.

அப்பா மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிட்டார். எடை ஏறியது. முகம் தெளிந்தது. ஊரில் அவரைப் பார்த்தவர்கள் எல்லாம் கறிவேப்பிலைப் பொடியின் மகிமை என்று பேசிக்கொண்டார்கள். அப்பா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. பொடிதானே, யாருக்கு என்ன கெடுதல் என்று இருந்துவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஊரில் இருந்தபோது மேற்குத் தோட்டத்து மாமா வந்தார். சொந்தத்தில் அப்பாவுக்கு மாமா முறை, அவரைவிடக் கொஞ்சம் மூத்தவர். வாசலில் நின்று செருப்பைக் கழற்றுவதற்குள் இரண்டு தடவை இருமினார். சட்டை தொளதொளவென்று தொங்கியது.

"மாப்ள, பொடி தீந்துபோச்சுங்க. இன்னொரு பொட்டலம் குடுத்தீங்கன்னா ஆகும். ரெண்டு மாசமாத் திங்கறேன். இருமல் நிக்க மாட்டேங்குது, சாயங்காலமானா காய்ச்சலு வருது. ஆனா உங்களுக்கு நல்லாப் புடிச்சிருக்குதுங்களே, எனக்கும் புடிக்கும்னு பாக்கறேன்."

அம்மா அடுக்களையிலிருந்து பொட்டலத்தோடு வந்து, பாதியில் நின்றுவிட்டாள். அப்பா என்னைப் பார்த்தார். பார்த்தபடியே இருந்தார். உண்மையைச் சொன்னால் போவது அவர் பெயர், என் கல்யாணப் பேச்சு, ஊரெல்லாம் அவர் சொல்லித் திரிந்த என் பெருமை. நான் எழுந்திருக்கப் போனேன். அப்பா கையமர்த்தினார்.

"மாமா, உக்காருங்க. அது மருந்து இல்லீங்க. என்ற புள்ள கண்டுபுடிச்சது தப்புங்க. தப்புன்னும் அவதானுங்க கண்டுபுடிச்சா. எனக்கு வந்தது டிபிங்க. நான் நல்லானது கவர்மெண்டு மாத்தரைலீங்க."

மாமா வாயைத் திறந்தபடி அப்பாவையே பார்த்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உங்களுக்கா மாப்ள?"

"எனக்குத்தானுங்க. வேட்டி மாத்தீட்டு வாரேன். நாளைக்குன்னு தள்ளிப்போடக் கூடாதுங்க, இப்பவே கெளம்பலாம்."

"கோயமுத்தூருக்குங்களா?" என்றார் மாமா, குரலைத் தாழ்த்தி. "இங்க வேண்டாங்க மாப்ள, எல்லாரும் பாப்பாங்க."

"இன்னிக்கு ஞாயித்துக்கெழமைங்க, ஆஸ்பத்திரில சீட்டுக் குடுக்க மாட்டாங்க," என்றாள் அம்மா, எதையாவது சொல்ல வேண்டும் என்பதற்காக.

அப்பா கொஞ்சம் யோசித்தார்.

"அப்ப நாளைக்குக் காலைல. ஆனா இங்கதானுங்க, காரமடைலயே. பாத்தா பாக்கட்டும். உங்களுக்கு முன்னால நான் சீட்டு வாங்கறேன், நீங்க என்ற பின்னால நில்லுங்க."